காவல்துறையிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலமும் அதன் பதிவும்: சென்னை மாகாணச் சித்திரவதை ஆணையம் முதல் பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றம் வரை

ஆய்வுச்சுருக்கம்

குற்றம் சாட்டப்பட்டவர் காவல்துறையினரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்பது இந்தியக் குற்றவியல் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகும். இவ்விதி உருவானதில் சென்னை மாகாணத்தின் பட்டறிவுக்குப் பெரும் பங்குண்டு. தடா சட்டம் இவ்விதியை நீக்கி, உயர்நிலைக் காவல் அலுவலரின் பதிவைச் சான்றாக ஏற்றது. இம்மாற்றத்தின் விளைவு பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றத்தில் நடைபெற்ற ராஜீவ் காந்தி கொலை வழக்கில் வெளிப்பட்டது. எழுதப்பட்ட வாக்குமூலத்தில் எழுதப்படாது விடப்பட்ட பகுதி உண்டு என்பதும், பதிவு என்பது பேச்சின் முழுமையான சான்று ஆகாது என்பதும் இக்கட்டுரையில் வரலாற்று நோக்கில் நிறுவப்படுகின்றன.

முதன்மைச் சொற்கள்: ஒப்புதல் வாக்குமூலம், சாட்சியச் சட்டம், சித்திரவதை ஆணையம், தடா, பூவிருந்தவல்லி, பதிவு.

முன்னுரை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியை அடுத்து நசரத்பேட்டை அமைந்துள்ளது. அதே சாலையில் மேலும் மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தியின் கொலை, அதே சாலையிலுள்ள பூவிருந்தவல்லியில் தனி நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டது. பின்னர்ப் பொடா வழக்குகளும் குண்டுவெடிப்பு வழக்குகளும் இவ்வூரிலேயே விசாரிக்கப்பட்டன. எனவே, காவல்துறையிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தின் சட்ட மதிப்பை ஆராய்வோர்க்குச் சென்னையின் இம்மேற்குப் புறநகர் இன்றியமையாத களமாகிறது.

ஒருவர் காவல் நிலையத்தில் என்ன சொன்னார் என்பதை நீதிமன்றம் எவ்வாறு அறிகிறது? கேட்டவர் சொல்வதைக் கொண்டு அறியலாம். எழுதியவரின் ஏட்டைக் கொண்டு அறியலாம். ஒலி, ஒளிப் பதிவைக் கொண்டும் அறியலாம். இம்மூன்றுள் எதனை, எந்த அளவுக்கு நம்பலாம் என்ற வினாவே கடந்த நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான சட்ட வளர்ச்சியை இயக்கி வந்துள்ளது.

1. சென்னை மாகாணத்தில் விதியின் தோற்றம்

1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறை சென்னை மாகாணத்தில் காவல் அதிகாரத்தை வருவாய்த் துறையின் கையில் ஒப்படைத்தது. வரி தண்டும் தாசில்தாரே காவல் தலைவராகவும் விளங்கினார். ஊர்த் தலைவரும் தலையாரியும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றினர். வரி செலுத்தாதவரை வருத்திய அதே கை திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவரையும் வருத்தியது.

1854-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மக்களவையில் இது குறித்து விவாதம் எழுந்தது. அதன்பின் சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையத்தை அமைத்தது. எலியட் சென்னை நகரக் காவல் நடுவர், ஸ்டோக்ஸ் குடிமைப் பணி அலுவலர், நார்ட்டன் வழக்கறிஞர். ஆணையத்திடம் 1,959 முறையீடுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் 519 நேரில் வந்தோர் அளித்தவை; 1,440 மடல் வழி வந்தவை. 1855-இல் ஆணையம் தன் அறிக்கையை அளித்தது.

அவ்வறிக்கை பட்டியலிடும் வதை முறைகளுள் தமிழ் வழக்கில் நன்கறியப்பட்டது ‘கிட்டி’. இரு மரத்துண்டுகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது அது. உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துதல், கண்ணில் மிளகாய்த் தூள் இடுதல் முதலியனவும் அதில் இடம்பெற்றன. வதை பெரிதும் வரி தண்டவே பயன்பட்டது எனினும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் அது கையாளப்பட்டது என ஆணையம் கண்டது. பழியைக் கீழ்நிலை இந்தியப் பணியாளர்மீது சுமத்திய ஆணையம், அப்பணியாளர் தண்டிய வரியால் பயன்பெற்ற கும்பினி ஆட்சியின் பொறுப்பை அதே அளவுக்கு ஆராயவில்லை. ஆயினும், வருவாய்ப் பணியையும் காவல் பணியையும் பிரிக்க வேண்டும் என்ற கருத்துக்கு அவ்வறிக்கை வலிமை சேர்த்தது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை மாகாணத்திற்கெனத் தனிக் காவல் துறையை உருவாக்கியது.

அமைப்பு மாறியபின் சான்று பற்றிய விதி வகுக்கப்பட்டது. 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148, 149, 150 ஆகிய பிரிவுகள் இதனைச் செய்தன. காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் செல்லாது. காவலில் இருக்கையில் யாரிடம் அளித்த ஒப்புதலும், நடுவர் முன்னிலையில் அளிக்கப்பட்டாலன்றிச் செல்லாது. ஆனால் அவ்வொப்புதலால் ஒரு பொருண்மை கண்டறியப்பட்டால், அதனோடு தொடர்புடைய பகுதி செல்லும். இம்மூன்று விதிகளும் 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 ஆகிய பிரிவுகளாயின. அச்சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். வெயிலில் அலைந்து சான்று தேடுவதினும் நிழலில் அமர்ந்து எளியவன் கண்ணில் மிளகாய்த் தூள் தேய்ப்பது எளிது என இந்திய அலுவலர் ஒருவர் தம்மிடம் கூறியதை அவர் பின்னர் தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. 25-ஆம் பிரிவு பதிவின் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. வாக்குமூலம் எழுதப்பட்டதா, கையொப்பமிடப்பட்டதா, முழுமையானதா என்ற வினாக்கள் எழுவதற்கு முன்பே அது கதவை அடைக்கிறது. குறிப்பிட்ட வழக்கில் வதை நிகழ்ந்தது என மெய்ப்பிக்க வேண்டிய சுமையும் குற்றம் சாட்டப்பட்டவர்மீது விழுவதில்லை. நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்ததை மெய்ப்பிக்க எளியவரால் இயலாது என்ற பட்டறிவே இவ்விதியின் உள்ளீடு.

2. பதியப்படாத ஒப்புதலும் நடுவரும்

காவல்துறையிடம் அளித்த ஒப்புதலுக்கு இடமில்லை என்றால், ஒப்புதல் அளிக்க விரும்புவோர்க்குச் சட்டம் காட்டும் வழி நடுவரிடம் செல்வது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு அதற்கான முறையை வகுத்தது. ஒப்புதல் அளிக்க வேண்டிய கட்டாயமில்லை என நடுவர் முதலில் எச்சரிக்க வேண்டும். தன்விருப்பமாக அளிக்கப்படுகிறது என நிறைவுற வேண்டும். எழுத்தில் பதிந்து, படித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும்.

இம்முறையைப் பின்பற்றாத நடுவர், தாம் கேட்டதை நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சொல்லலாமா? 1936-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த நசீர் அகமது வழக்கு இவ்வினாவை எழுப்பியது. பஞ்சாபைச் சேர்ந்த அவ்வழக்கில், தாம் முறைப்படி பதியாத ஒப்புதலைப் பற்றி நடுவர் குறிப்புகளின் துணையுடன் சாட்சியம் அளித்திருந்தார். சட்டம் ஒரு செயலைக் குறிப்பிட்ட முறையில் செய்யுமாறு அதிகாரம் அளித்தால், அதை அம்முறையில் மட்டுமே செய்ய வேண்டும் எனக் கூறிப் பிரிவி கவுன்சில் அச்சாட்சியத்தை ஒதுக்கியது. நீதித்துறையைச் சார்ந்த ஒருவரின் நினைவும் நேர்மையும்கூட முறையான பதிவுக்கு ஈடாகா என்பதே இத்தீர்ப்பின் பொருள். இந்திய நீதிமன்றங்கள் இக்கொள்கையை இன்றளவும் எடுத்தாள்கின்றன.

3. இருபத்தேழாம் பிரிவு என்னும் சிறுவாயில்

அடைக்கப்பட்ட கதவில் 27-ஆம் பிரிவு சிறு வாயிலொன்றைத் திறந்து வைத்தது. அவ்வாயிலின் அகலத்தை வரையறுத்த தீர்ப்பும் சென்னை மாகாணத்திலிருந்தே எழுந்தது. அன்று மாகாணத்தின் பகுதியாயிருந்த குண்டூர் மாவட்டக் கொலை வழக்கொன்று சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து பிரிவி கவுன்சிலை அடைந்தது. புலுக்குரி கோட்டய்யா வழக்கு எனப்படும் அதில் 1946 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் காட்டிய இடத்திலிருந்து ஆயுதம் எடுக்கப்பட்டால் அவர் சொன்ன அனைத்தும் சான்றாகும் என்பது அரசுத் தரப்பின் வாதம். பிரிவி கவுன்சில் அதனை மறுத்தது. அவ்வாறு ஏற்றால் 25, 26-ஆம் பிரிவுகளின் தடை பொருளற்றதாகிவிடும் என அது கருதியது. பொருள் இருந்த இடமும், அவ்விடத்தை அவர் அறிந்திருந்தார் என்பதும் மட்டுமே கண்டறியப்பட்ட பொருண்மை. ‘ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்’ என்பது செல்லும். ‘அதனால்தான் குத்தினேன்’ என்பது செல்லாது.

இத்தீர்ப்பு தமிழ்நாட்டுக் காவல் நடைமுறையில் தனி மரபொன்றை உருவாக்கியுள்ளது. கைது செய்யப்பட்டவரின் வாக்குமூலம் முழுவதும் எழுதப்படுகிறது. அதில் ‘அனுமதிக்கப்பட்ட பகுதி’ மட்டும் நீதிமன்றத்தில் குறியீடு பெறுகிறது. கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் பெரும்பாலும் சாட்சிகளாகக் கையொப்பமிடுகின்றனர். சொல்லப்பட்டது என்ன என்பதற்கு இவ்வேடும் இச்சாட்சிகளின் சொல்லுமே ஆதாரம். பொருள் முன்பே கிடைத்துவிட்டதா, வாக்குமூலத்திற்குப் பின் கிடைத்ததா என்பதே பல வழக்குகளில் தீர்வை முடிவு செய்யும் வினா. அவ்வினாவுக்கு விடை தரும் ஆவணமோ புலனாய்வாளரே எழுதியதாயிருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலரிடமே ஒருவர் நேரில் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டார் எனக் கூறும் வழக்குகளும் தமிழ்நாட்டில் மிகுதி. புலனாய்வு தொடங்கியபின் ஊர் நடுவர்கள் ஒப்புதல்களை எழுதலாகாது எனச் சென்னைக் குற்றவியல் நடைமுறை விதிகளின் 72-ஆம் விதி தடுத்திருந்தது. பரம்பரை ஊர் அலுவலர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி தோன்றிய பின், அத்தடை இவரையும் கட்டுப்படுத்துமா என்ற ஐயம் எழுந்தது. சிவகுமார் வழக்கில், கிராம நிர்வாக அலுவலர் அவ்விதி குறிக்கும் ஊர் நடுவர் அல்லர் என உச்ச நீதிமன்றம் கொண்டது. இதனால், 1816-இல் வருவாய்த் துறையிடமிருந்த பணியின் சாயல் ஒன்று, காவல் பிரிக்கப்பட்டு நெடுங்காலம் ஆன பின்னும் சான்றின் களத்தில் எஞ்சி நிற்பதைக் காணலாம்.

4. தடா: தடை நீங்கிப் பதவி நம்பப்பட்ட காலம்

1987-ஆம் ஆண்டின் தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு இவ்வரலாற்றைத் திருப்பியது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் பதிந்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகும் என அது விதித்தது. எழுத்திலோ, ஒலிநாடா போன்ற கருவியிலோ அதனைப் பதியலாம். தன்விருப்பமாக அளிக்கப்படுகிறது என அலுவலர் நம்பினால் போதும். அவருடைய நம்பிக்கையைக் குறிக்கும் சான்றுரை ஆவணத்தின் அடியில் இடம்பெற வேண்டும். 1993-இல் செய்யப்பட்ட திருத்தம் அவ்வாக்குமூலத்தை உடன் குற்றம் சாட்டப்பட்டவர்க்கு எதிராகவும் பயன்படுத்த வழிசெய்தது.

1994 மார்ச் 11 அன்று கர்த்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இப்பிரிவை 3:2 என்ற பெரும்பான்மையில் செல்லும் என அறிவித்தது. நீதிபதிகள் ராமசாமி, சகாய் ஆகிய இருவரும் மாறுபட்டனர். அச்சமற்ற சூழலில், ஒப்புதல் அளிப்பவரின் மொழியிலேயே, அவர் சொன்னவாறே பதிய வேண்டும். காலந்தாழ்த்தாது நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பன போன்ற நெறிகளைப் பெரும்பான்மைத் தீர்ப்பு வகுத்தது. யார் கேட்டது என்ற பழைய வினாவின் இடத்தை எந்தப் பதவியில் உள்ளவர் கேட்டது, எவ்வாறு எழுதினார் என்ற புதிய வினாக்கள் பிடித்தன.

5. பூவிருந்தவல்லி வழக்கு

ராஜீவ் காந்தி கொலையை மத்தியப் புலனாய்வுத் துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்தது. 41 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 12 பேர் இறந்துவிட்டனர், மூவர் தலைமறைவானவர்கள் எனக் குறிக்கப்பட்டனர். எஞ்சிய 26 பேர் விசாரணையை எதிர்கொண்டனர். அவர்களுள் 17 பேரின் ஒப்புதல் வாக்குமூலங்கள் 15-ஆம் பிரிவின்கீழ்க் காவல் கண்காணிப்பாளர் தியாகராஜனால் பதியப்பட்டன. மூடிய அரங்கில் விசாரணை நடந்தது. 1998 சனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் இதனைப் பெரிதும் மாற்றியது. நால்வரின் தூக்கு உறுதியானது. மூவர் வாழ்நாள் தண்டனை பெற்றனர். 19 பேர் விடுதலையாயினர். இவ்வழக்கில் தடா சட்டத்தின்கீழான பயங்கரவாதக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என உச்ச நீதிமன்றம் கொண்டது. எனினும் அச்சட்டத்தின் வழிவந்த வாக்குமூலங்களைக் கொலைக்குற்றத்திற்குச் சான்றாகக் கொள்ளலாம் என அதன் 12-ஆம் பிரிவைக் கொண்டு முடிவு செய்தது. பொதுச் சட்டத்தின்படி ஏற்கத்தகாத வாக்குமூலம், பொதுச் சட்டத்தின் குற்றமான கொலைக்குத் தண்டனை விதிக்கப் பயன்பட்டது இதனாலேயே. உடன் குற்றம் சாட்டப்பட்டவர்க்கு எதிராக அவ்வாக்குமூலத்தின் மதிப்பு யாது என்பதில் நீதிபதிகளிடையே வேறுபாடு இருந்தது. நீதிபதிகள் வாத்வாவும் குவாத்ரியும் அதனை முதன்மைச் சான்றாகக் கொண்டனர். நீதிபதி தாமஸ் துணைச் சான்றாக மட்டுமே கொள்ளலாம் என்றார்.

தூக்கு உறுதியான நால்வருள் ஒருவர் பேரறிவாளன். 1991 சூனில் கைதானபோது அவருக்கு வயது 19. ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கித் தந்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டின் மையம். மின்கலம் வாங்குவது தன்னளவில் குற்றமன்று. அது எதற்கு என அறிந்து வாங்கினாரா என்பதே அச்செயலைச் சதியின் பகுதியாக்கும்.

2013 நவம்பரில், பணி ஓய்வு பெற்றிருந்த தியாகராஜன், மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் பதியவில்லை என வெளிப்படையாகத் தெரிவித்தார். 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் அளித்த உறுதிமொழிப் பத்திரத்திலும் இதனைக் கூறினார். அக்கூற்றைச் சேர்த்தால் அது குற்றமின்மையைக் காட்டும் கூற்றாகிவிடும், வாக்குமூலம் பதிவதன் நோக்கமே கெட்டுவிடும் என்பது அவர் தந்த காரணம். 1999 தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்ற வேண்டுகோளை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்கவில்லை. 2014-இல் தூக்கு, காலத்தாழ்வின் அடிப்படையில் வாழ்நாள் தண்டனையாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2022 மே 18 அன்று அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் உறுப்பைக் கொண்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாநில அமைச்சரவையின் பரிந்துரைமீது ஆளுநர் காலந்தாழ்த்தியது அவ்விடுதலையின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வாக்குமூலம் முழுமையானதா என்ற வினாவுக்கு அத்தீர்ப்பு விடை கூறவில்லை.

இவ்வழக்கில் கண்காணிப்பாளர் நிலை அலுவலர் இருந்தார். எழுத்துப் பதிவு இருந்தது. கையொப்பமும் சான்றுரையும் இருந்தன. பதிந்தவர் கூற்றின்படியே, குற்றத்தின் தன்மையை முடிவு செய்யும் ஒரு தொடர் அப்பதிவில் இல்லை. எந்த நெறிமுறையும் இக்குறையை வெளிக்கொணரவில்லை. பதிந்தவரே பேசும்வரை அது புலப்படவும் இல்லை. எழுதப்பட்டதைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எழுதாது விடப்பட்டதை நீதிமன்றம் அறிய வழியில்லை.

6. இலங்கையில் அதே விதியும் அதே விலக்கும்

1872 சட்டத்தின் வாசகங்கள் 1895-ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் வழியே இலங்கைக்கும் சென்றன. அங்கும் காவல்துறையிடம் அளித்த ஒப்புதலுக்குத் தடை இருந்தது. 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, உதவிக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலை ஏற்றது; அது வற்புறுத்திப் பெறப்பட்டது என மெய்ப்பிக்கும் சுமையையும் குற்றம் சாட்டப்பட்டவர்மீதே வைத்தது.

தமிழரான நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கில், அவர் தமிழில் கூறியது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டு, அவருடைய கைநாட்டு பெறப்பட்டது. அவ்வாக்குமூலத்தைக் கொண்டு அவருக்கு விதிக்கப்பட்ட 50 ஆண்டுச் சிறை மேல்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. 2004-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இவ்விசாரணை நேர்மையானதன்று எனக் கண்டது. பூவிருந்தவல்லி வழக்கில் எழுதுபவரின் தேர்வு இடையில் நின்றது. இங்கு மொழிபெயர்ப்பும் நின்றது.

7. பொடா முதல் புதிய சட்டங்கள் வரை

2002-ஆம் ஆண்டுப் பொடா சட்டம் காவல்துறையிடம் அளித்த ஒப்புதலை மீண்டும் ஏற்றது. ஆனால் 48 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என நிபந்தனை இட்டது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் காப்புமுறைகள் பின்பற்றப்படாமையால் ஒப்புதல்களை ஒதுக்கியது. 2004-இல் பொடா நீக்கப்பட்டபின், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இவ்விதி சேர்க்கப்படவில்லை. மகாராட்டிரம் போன்ற மாநிலங்களின் அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டங்களில் அது தொடர்கிறது. 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், போதைப்பொருள் தடுப்புச் சட்ட அலுவலரும் 25-ஆம் பிரிவின் நோக்கில் காவல் அலுவலரே எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. சென்னை மாகாணப் பட்டறிவில் வேரூன்றிய தடை, தமிழ்நாட்டு வழக்கொன்றால் மீண்டும் விரிவு பெற்றது.

பிறநாடுகள் பதிவை வேறு கோணத்தில் அணுகின. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சான்றுச் சட்டம் விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் முறைக்கு வழிவகுத்தது. 1985-இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில உச்ச நீதிமன்றம், காவலிடத்தில் நடக்கும் விசாரணையைத் தக்க காரணமின்றிப் பதியாவிட்டால் அதில் பெற்ற கூற்று செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அந்நாடுகளில் காவல்துறையிடம் அளித்த ஒப்புதலுக்குப் பொதுத் தடை இல்லை. ஆகவே பதிவே காப்பாயிற்று.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுத் திருத்தம், நடுவர் பதியும் ஒப்புதலை வழக்கறிஞர் முன்னிலையில் ஒலி, ஒளி வடிவில் பதிய வழிசெய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனைத்துக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்களை நிறுவ ஆணையிட்டது. அவ்வாண்டு சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, நிலையத்துக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை விசாரணை நடுவர் கண்டறிந்திருந்தார். கருவி இருப்பதும் பதிவு இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவு, பழைய 25, 26, 27-ஆம் பிரிவுகளை ஒன்றாக இணைத்துள்ளது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் கைப்பற்றலுக்கு வழிகாட்டிய வாக்குமூலம் அளிக்கப்படும் நேரத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கத்தி எடுக்கப்படும் காட்சியை நீதிமன்றம் காணும். அது எங்கிருக்கிறது என முதலில் சொன்னவர் யார் என்பதைக் காணாது.

முடிவுரை

காவல்துறையிடம் அளிக்கும் ஒப்புதலுக்கு எதிரான தடை சென்னை மாகாணத்தில் எளியோர் பட்ட துன்பத்தின் சட்ட வடிவம். பதவி உயர்வும் எழுத்துப் பதிவும் அத்தடைக்கு மாற்றாகும் என்ற எண்ணத்தைத் தடா செயற்படுத்திப் பார்த்தது. பூவிருந்தவல்லி வழக்கின் பிந்தைய வரலாறு அவ்வெண்ணத்தின் குறையைக் காட்டிற்று. முழுமையான ஒலி, ஒளிப் பதிவு விடுபடல்களைக் குறைக்கும். ஆயினும் கருவி இயங்குவதற்கு முன் நிகழ்ந்ததை அது காட்டாது. எனவே பதிவைத் தடைக்கு மாற்றாகக் கொள்ளாது, தடைக்குத் துணையாகக் கொள்வதே இவ்வரலாறு உணர்த்தும் நெறி. தடையின் சிறுவாயிலாக நிற்கும் பழைய 27-ஆம் பிரிவின் வழிவரும் வாக்குமூலங்களுக்கு முதல் சொல்லிலிருந்து பதிவு கட்டாயமாக்கப்பட வேண்டும். அவ்வாறு பதியப்படாத பகுதியை ஏற்க மறுப்பது, 1861-இல் தொடங்கிய விதியை அதன் நோக்கத்தோடு பொருந்த நிறைவு செய்வதாகும்.